சமரசத்துக்கு முன்னே பாதுகாப்பு: இல்லத்து வன்முறையும் ஜமாஅத்தின் மறக்கப்பட்ட கடமையும்

திண்டிவனம் போன்றதொரு ஊரில் ஏதேனும் ஒரு மஹல்லாவை எண்ணிக்கொள்வோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபின் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு மனு வாசிக்கப்படுகிறது. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் எழுதிய மனு அது. வாசிப்பவர்கள் ஆண்கள், விசாரிப்பவர்களும் ஆண்கள். மனுச் செய்தவளோ வீட்டில் இருக்கிறாள்; அவள் சார்பில் தமையனோ தாய்மாமனோ வந்து நிற்கிறார். கணவனுக்குப் புத்திமதி சொல்லப்படுகிறது. இனி அடிப்பதில்லை என்று எழுதிக் கையொப்பம் வாங்கப்படுகிறது. பெண்ணும் பொறுத்துப் போகவேண்டும் என்று சொல்லியனுப்பப்படுகிறது. பதிவேட்டில் ‘சமரசம்’ என்ற ஒரு சொல்லோடு அந்த வழக்கு முடிகிறது.

அன்றிரவு அவ்வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பதிவேடு சொல்லாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. விசாரித்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். குடும்பம் சிதறிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமே பெரும்பாலும் அவர்களை நடத்துகிறது. தாம் செய்வதே மார்க்கம் காட்டிய வழி என்றும் அவர்கள் நம்புகிறார்கள். இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புமாறு கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் இதற்குச் சான்றாக எடுத்துரைக்கப்படுகிறது.

இந்த நம்பிக்கையைத்தான் இக்கட்டுரையில் வரலாற்றின் துணைகொண்டு பரிசீலிக்க விழைகிறோம். நடுவர் அமைத்தல் நம் சட்ட மரபில் உண்டு, ஐயமில்லை. ஆனால் அது அம்மரபின் முதற்படியா, கடைசிப் படியா? அதற்கு முன்னர் வேறு என்னென்ன செய்யவேண்டுமென்று நம் இமாம்கள் எழுதிவைத்தார்கள்? அவை எப்போது, எவ்வாறு நம் கையைவிட்டு நழுவின?

மதீனாவின் வைகறை

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணியின் நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பெயரிலும் விவரங்களிலும் அறிவிப்புகளிடையே சிற்சில வேறுபாடுகள் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா தரும் அறிவிப்பின்படி, வைகறைத் தொழுகைக்காக வெளியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இருள் விலகாத அந்நேரத்தில் தம் வாயிலருகே ஒரு பெண் நிற்பதைக் கண்டு யாரென வினவினார்கள். தானும் தன் கணவர் தாபித் இப்னு கைஸும் இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று அவர் முறையிட்டார். கணவர் அடித்ததில் அவருக்கு உடற்காயம் ஏற்பட்டிருந்ததென அபூதாவூத் தொகுப்பிலுள்ள அறிவிப்பொன்று கூறுகிறது. நபியவர்கள் தாபித்தை அழைத்தார்கள். மஹராகப் பெற்றிருந்ததை ஹபீபா திருப்பியளிக்க, மணவாழ்க்கை முடித்துவைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் ‘குலா’வின் சட்ட ஆதாரமாக மட்டுமே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். அது நிகழ்ந்த முறையும் கவனத்துக்குரியது. முறையிட்டவர் தாமே நேரில் வந்தார், தாமே பேசினார். ஆண் உறவினர் ஒருவரை அழைத்துவருமாறு அவரிடம் கூறப்படவில்லை. பொழுது விடியட்டும் என்று திருப்பியனுப்பப்படவும் இல்லை.

மற்றோர் அறிவிப்பும் அபூதாவூதில் உண்டு. மனைவியரை அடிப்பதை நபியவர்கள் முதலில் தடுத்தார்கள். பின்னர், பெண்கள் துணிந்துவிட்டனர் என்று உமர் (ரலி) கூறியபோது அத்தடை தளர்ந்தது. உடனே பெண்கள் பலர் நபியவர்களின் இல்லங்களைச் சூழ்ந்து, தம் கணவர்களைப் பற்றி முறையிட்டனர். அவ்வாறு முறையிடப்பட்டவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்ற பொருள்பட நபியவர்கள் அறிவித்தார்கள். அப்பெண்களின் கூட்டு முறையீடு சமுதாயத்தின் பொதுச் செய்தியாக ஆக்கப்பட்டதே தவிர, வீட்டு விவகாரம் என்று மூடிவைக்கப்படவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தை முன்வைத்து, மனைவியின் மாறுபாட்டுக்கு இறுதிநிலையில் இலேசாக அடித்தல் ஆகும் என்று ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் எழுதியுள்ளனர். காயம் விளைவிக்கும் அடியை அவர்கள் அனைவரும் விலக்கினர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், அனுமதி உண்டெனினும் தவிர்ப்பதே உவப்பானது என்றார்கள். மக்காவின் பேரறிஞர் அதா இப்னு அபீ ரபாஹ், கணவன் சினங்கொள்ளலாம், அடிக்கலாகாது என்றே கருதினார். இந்த விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் ஜமாஅத்தின் முன் வரும் மனுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இவ்விவாதமே தேவையில்லை. உடைந்த பல்லும் வீங்கிய கண்ணும் எந்த மத்ஹபின் எல்லைக்குள்ளும் அடங்குவன அல்ல.

இமாம் நவவீ வகுத்த வரிசை

ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படைப் பாடநூல்களுள் ஒன்று இமாம் நவவீ (ஹிஜ்ரி 631–676; கி.பி. 1233–1277) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன். கணவன் மனைவியரிடையே எழும் பிணக்கு பற்றிய அதன் பகுதி மிகச் சுருக்கமானது. ஆயினும் அதன் வரிசைமுறை துல்லியமானது.

மனைவிக்குரிய உரிமையைக் கணவன் மறுத்தால், அதனை நிறைவேற்றுமாறு காழி கட்டாயப்படுத்தவேண்டும். காரணமின்றி அவளைத் துன்புறுத்தினால் காழி அவனைத் தடுக்கவேண்டும். மீண்டும் செய்தால் ‘தஃஸீர்’ என்னும் தண்டனை அளிக்கவேண்டும். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்தினால், அவர்களின் நிலையை உள்ளபடி அறிந்த நம்பகமான ஒருவர் வாயிலாகக் காழி உண்மையை அறிந்து, அநீதி இழைப்பவரைத் தடுக்கவேண்டும். இத்தனைக்குப் பிறகும் பிணக்கு முற்றினால்தான் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அனுப்பவேண்டும்.

அறிதல், தடுத்தல், தண்டித்தல், அதன்பின் நடுவர் என்பதே இவ்வரிசை. நடுவர் கடைசியில் வருகிறார்.

விரிவுரையாளர்கள் இதனை மேலும் விளக்கினர். அந்த நம்பகமானவர் தம்பதியரின் அண்டைவீட்டார் என்றும், அத்தகைய அண்டைவீட்டார் இல்லையெனில் நம்பகமானவர் ஒருவரின் பக்கத்தில் அவர்களைக் குடியமர்த்த வேண்டும் என்றும் எழுதினர். மின்ஹாஜுக்கு ‘முக்னில் முஹ்தாஜ்’ என்ற விரிவுரையை இயற்றிய கதீப் ஷிர்பீனீ (மறைவு ஹிஜ்ரி 977, கி.பி. 1570) அவர்கள், முன்னோர் இருவரின் கருத்துகளை எடுத்துக்காட்டுகிறார்கள். இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அவர்களின் கருத்துப்படி, கணவனின் அத்துமீறல் உறுதிப்பட்டு, அவன் கடுமையாக அடிப்பான் என்ற அச்சமும் இருந்தால், காழி இருவரையும் பிரித்துவைக்க வேண்டும். இமாம் கஸ்ஸாலீ (1058–1111) அவர்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். அவன் நேர்மைக்குத் திரும்பும்வரை பிரிவு நீடிக்கவேண்டும். அவன் திருந்திவிட்டான் என்பதற்கு அவனுடைய சொல்லை ஏற்கலாகாது. அவளுடைய சொல்லையும் சூழ்நிலைச் சான்றுகளையுமே ஏற்கவேண்டும் என்பது அவர்களின் முடிவு.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற இம்முடிவை நம் பதிவேட்டுச் சமரசத்தின் அருகே வைத்துப் பாருங்கள். நாம் ஆதாரமாகக் கொள்வது கணவனின் கையொப்பத்தை. இமாம் கஸ்ஸாலீ ஏற்க மறுத்த சான்று அதுவே.

காழியின் இருக்கை காலியான கதை

இந்நூல்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்களில் பெரிதும் ஹனஃபீ மத்ஹபும் வழங்கிவருகின்றன. பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் ஃபத்ஹுல் முயீன் தென்னாட்டு ஷாஃபிஈ மதரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது. பாடநூல் எஞ்சியது; அதனை நடைமுறைப்படுத்தும் பதவி எஞ்சவில்லை.

திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிக் கோட்டைக்குள் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கானின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் நிற்கிறது. 1714இல் தேசிங்கை வென்று அவர் கோட்டையைக் கைப்பற்றியபின் எழுந்தது அது. நவாபுகளின் ஆட்சியில் காழி அரசின் நீதிபதி. அவருடைய தீர்ப்புக்குப் பின்னால் ஆட்சியின் கரம் இருந்தது. 1801 உடன்படிக்கையால் கர்நாடகத்தின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. கம்பெனியின் நீதிமன்றங்களில் காழிகள் சட்டம் எடுத்துரைக்கும் அலுவலர்களாகச் சில காலம் நீடித்தனர். 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தஃஸீர் என்ற அதிகாரம் முழுவதும் ஆங்கில அரசின் நீதிபதிகளிடம் சேர்ந்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அச்சட்ட அலுவலர் பதவிகளை ஒழித்தது. நிக்காஹ் முதலியவற்றை நடத்திவைக்க ஆளில்லை என்ற முறையீடு எழவே, 1880இல் காழிகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி அமர்த்தப்படும் காழிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லையென்று அச்சட்டமே தெளிவாக உரைத்தது.

இவ்வாறு இமாம் நவவீயின் வரிசையில் ஆட்சியதிகாரம் வேண்டும் படிகளான தடுத்தலும் தண்டித்தலும் ஜமாஅத்தைவிட்டு நீங்கின. எஞ்சியவை நிக்காஹ் பதிவேடும் நடுவர் அமைத்தலும். கடைசிப் படியே ஒரே படியாயிற்று.

இதனை அந்நியர் ஆட்சியின் மேல் முழுவதுமாகச் சுமத்திவிட்டு நாம் விலகிவிட இயலாது. அந்த வரிசையில் எந்த ஆட்சியதிகாரமும் தேவைப்படாத கடமைகளும் இருந்தன. அண்டைவீட்டார் வழியாக உண்மையை அறிதல், அஞ்சி வந்தவளுக்குப் பாதுகாப்பான இடத்தில் தங்க வழிசெய்தல், அவளுடைய சொல்லை முதன்மைச் சான்றாகக் கொள்ளுதல் ஆகியவற்றை எந்தச் சட்டமும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. அவற்றை நாமே கைவிட்டோம்.

1939: உலமாக்கள் காட்டிய துணிவு

கைவிடப்பட்டதன் விளைவு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இந்தியாவில் வெளிப்பட்டது. ஹனஃபீ மத்ஹபில், கொடுமை செய்யும் கணவனிடமிருந்து விடுபட மனைவிக்கு வழி மிகக் குறுகலாக இருந்தது. வேறு வழியின்றிப் பஞ்சாபில் பெண்கள் சிலர், மணவிலக்குப் பெறுவதற்காகவே மதம் மாறியதாக அறிவித்தனர். இச்செய்தி உலமாக்களை உலுக்கியது.

மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் 1930களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்ற நூலை வெளியிட்டார்கள். மாலிக்கீ மத்ஹபின் சட்டங்களை இரவல் பெற்று, துன்புறும் மனைவியருக்கு வழிகாணும் நூல் அது. முஸ்லிம் நீதிபதி இல்லாத நாட்டில் நேர்மையாளர்களைக் கொண்ட ஒரு ‘ஜமாஅத்துல் முஸ்லிமீன்’ காழியின் இடத்தில் நிற்கலாம் என்ற மாலிக்கீ கருத்தும் அதில் எடுத்தாளப்பட்டது. காழி முஹம்மது அஹ்மது காஸ்மீ மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மசோதா, 1939 மார்ச்சில் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாக நிறைவேறியது. கொடுமை என்பதை அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு விரிவாக வரையறுத்தது. வழக்கமாக அடிப்பது மட்டுமன்று. உடலைத் தீண்டாமலே அவள் வாழ்வைத் துயரமாக்கும் கொடிய நடத்தையும் மணமுறிவுக்குக் காரணமாகும் என்றது. இல்லத்து வன்முறைக்கு நம் நாட்டில் தனிச்சட்டம் வருவதற்கு 66 ஆண்டுகளுக்கு முன்னரே இது நடந்தேறியது.

ஆனால் இச்சட்டம் திறந்தது வெளியேறும் வாயிலை மட்டுமே. வெளியேற விரும்பாத பெண்ணுக்கு, அல்லது அடி நின்றால் போதும் என்று கருதிய பெண்ணுக்கு, அதில் இடமில்லை. அவள் மீண்டும் மஹல்லாவின் வாசலுக்கே வரவேண்டியிருந்தது.

புதுக்கோட்டையில் கேட்ட குரல்

அந்த வாசலில் அவளுக்கு நுழைவில்லை என்பதை உரக்கச் சொன்னவர் புதுக்கோட்டை தாவூத் ஷரீஃபா கானம். ‘ஸ்டெப்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பை நடத்திவந்த அவரும் அவருடைய தோழியரும், 2000களின் முற்பகுதியில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை நிறுவினர். ஆண்கள் மட்டுமே அமர்ந்து விசாரிக்கும் கூட்டத்தில் பெண்ணின் மனு அவள் இல்லாமலே தீர்க்கப்படுகிறது என்பதே அவர்களின் அடிப்படை முறையீடு. பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் கட்டும் அவர்களின் முயற்சி பெரும் சர்ச்சைக்குள்ளாகி, உலக ஊடகங்களின் கவனத்தையும் ஈர்த்தது. தீபா தன்ராஜ் 2011இல் வெளியிட்ட ஆவணப்படமொன்று இந்த ஜமாஅத்தின் பணியைப் பதிவுசெய்துள்ளது.

பள்ளிவாசல் பற்றிய சர்ச்சையின் ஆரவாரத்தில், அவர்கள் செய்துவந்த அன்றாட வேலை பலர் கண்ணில் படாமற் போயிற்று. மனுச் செய்தவளை நேரில் அமரவைத்துக் கேட்டார்கள். அவள் ஊருக்குச் சென்று விசாரித்தார்கள். காவல் நிலையத்துக்கும் ஆண்களின் ஜமாஅத்துக்கும் உடன் சென்றார்கள். தீர்வுக்குப் பின்னும் தொடர்பை விடாதிருந்தார்கள். அவர்களுடைய கருத்துகள் அனைத்தையும் ஏற்காதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். உண்மையை அறிந்துவரும் நம்பகமானவர் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும் பணியை, 21ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் செய்துகாட்டியவர்கள் அப்பெண்கள்.

ஊரே சேர்ந்து பொறுப்பேற்றல்

வேறொரு மண்ணில் இதே உண்மை வேறொரு வழியில் கண்டுகொள்ளப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள துறைமுக நகரம் டுலூத். அங்கே 1981இல் எலன் பென்ஸ், மைக்கேல் பேமர் முதலியோர் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். காவல் துறை, அரசு வழக்கறிஞர், நீதிமன்றம், நன்னடத்தை அலுவலர், பெண்கள் காப்பகம் ஆகியன அதுவரை தனித்தனியே இயங்கின. அடிபட்ட பெண் ஒவ்வொரு வாசலிலும் ஏறி ஒவ்வொரு முறையும் தன் கதையைச் சொல்லவேண்டியிருந்தது. ஒரு வாசலில் கிடைத்ததை மறு வாசலில் இழந்தாள். இவ்வமைப்புகள் எல்லாம் ஒரே நெறிமுறைக்கு உடன்பட்டு, தமக்குள் தகவல் பரிமாறி, ஒன்றின் பிழையை மற்றொன்று கண்காணிக்க வேண்டும் என்பதே திட்டத்தின் சாரம். அவள் ஏன் வெளியேறவில்லை என்ற வினா விலக்கப்பட்டது. அவன் அடிப்பதை நாம் எல்லாரும் சேர்ந்து எவ்வாறு நிறுத்துவது என்ற வினா முன்வைக்கப்பட்டது. அதன் முறைகளைப் பற்றிப் பின்னாளில் விமரிசனங்களும் எழுந்தன. ஆயினும் வழக்கைச் சுமக்கும் பாரம் பெண்ணின் தோளிலிருந்து ஊரின் தோளுக்கு மாறவேண்டும் என்ற அதன் அடிப்படை உலகெங்கும் பரவியது.

தமிழகத்தில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் அவை மாநிலமெங்கும் பெருகின. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அது எல்லா மதத்துப் பெண்களுக்கும் உரியது. மணமுறிவைக் கோராமலே பாதுகாப்பைப் பெறலாம். பாதுகாப்பு அலுவலர், மருத்துவமனை, காப்பகம், சேவை அமைப்பு, நீதிமன்றம் ஆகியவற்றை அது ஒரு சரட்டில் கோக்கிறது. விண்ணப்பம் வந்த 3 நாட்களுக்குள் முதல் விசாரணை அமையவேண்டும். 60 நாட்களுக்குள் முடிக்க முயலவேண்டும். கணவன் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையை 17ஆம் பிரிவு தருகிறது. அடிக்காதே, நெருங்காதே என்று ஆணையிட 18ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது. அவ்வாணையை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

இச்சட்டத்தின் இரண்டு கூறுகள் நம் மரபை அறிந்தோருக்குப் புதியனவாகத் தோன்றா. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மேல் எப்பொறுப்பும் சாராது என்கிறது 4ஆம் பிரிவு. அண்டைவீட்டாரின் சாட்சியம் இங்கே மீண்டும் இடம்பெறுகிறது. அடுத்து, 2006ஆம் ஆண்டு விதிகள் ஆலோசகரின் கடமையை வரையறுக்கும்போது, வன்முறை திரும்ப நிகழாது என்ற உறுதியைப் பெறுவதை முதன்மையாக்குகின்றன. செய்த வன்முறைக்குக் கணவன் நியாயம் கற்பிக்க இடந்தரவில்லை. பெண் விரும்பினால்தான் உடன்பாட்டு முயற்சி. பாதுகாப்பு முன்னே, சமரசம் பின்னே என்ற அதே வரிசை.

அதே 2005ஆம் ஆண்டில் இலங்கையும் தன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அங்கே 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ்க் காதிகள் அரசு ஏற்ற நீதி அதிகாரத்தோடு அமர்ந்தனர். ஆனால் அப்பதவிக்கு ஆண்களை மட்டுமே நியமிக்க அச்சட்டம் வகைசெய்தது. தம் குரல் அங்கே செவிமடுக்கப்படவில்லை என்று இலங்கை முஸ்லிம் பெண்கள் பல்லாண்டுகள் போராடியுள்ளனர். அதிகாரம் மட்டும் மீண்டுவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்கு இது ஒரு பாடம். கேட்கும் செவி இல்லாத அதிகாரமும் ஊனமுற்றதே.

நீதிமன்றங்கள் வரைந்த எல்லை

ஷரீஅத் மன்றங்களின் தீர்ப்புகளுக்குச் சட்டவலு இல்லையென்று உச்ச நீதிமன்றம் 2014இல் விஸ்வ லோசன் மதன் வழக்கில் கூறியது. காழிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் கருத்துரை மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் பதர் சயீத் வழக்கில் தெரிவித்தது. குலா வேண்டும் பெண் குடும்ப நீதிமன்றத்தை நாடவேண்டும். தனியார் மன்றங்கள் சான்றிதழ் அளிக்கலாகாது என்று அதே நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

இவற்றை நம் உரிமையில் விழுந்த அடியாகக் கருதுவோர் உண்டு. நாம் வேறுவிதமாக எண்ணுகிறோம். காழியின் இருக்கை 1864இலேயே காலியாகிவிட்டது. அதில் அமர்ந்திருப்பதாகப் பாவனை செய்ததால், நம்மால் மெய்யாகவே செய்யக்கூடிய பணி செய்யப்படாமல் கிடந்தது. தடுத்தலும் தண்டித்தலும் இன்று நீதிமன்றத்திடம் உள்ளன. அவற்றுக்குரிய சட்டமும் இருக்கிறது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கு முன்னர் 498-அ பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு இருக்கிறது. அறிதலும் அரவணைத்தலுமே ஜமாஅத்தின் பங்கு. அதனை நிறைவேற்ற எந்த நீதிமன்றமும் தடை விதிக்கவில்லை.

திண்டிவனத்தில் ஓர் இரவு

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். 1993இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. பாதுகாப்பு அலுவலரை நாட, திண்டிவனத்துப் பெண் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பயணம் செய்து மாவட்டத் தலைநகரான விழுப்புரத்துக்குச் செல்லவேண்டும். நள்ளிரவில் கைக்குழந்தையோடு வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவளுக்கு அது எட்டாத் தொலைவு. சென்னைக்கும் திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் இரவெல்லாம் பேருந்து செல்லும் ஊர் இது. ஆனால் அவள் அறிந்த ஒரே இடம் நான்கு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசல்தான். 5ஆவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) தமிழகத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று கணித்தது. எந்த மஹல்லாவும் இதற்கு விலக்கன்று.

அந்த நள்ளிரவுக்கு ஜமாஅத் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கவேண்டும். பெண்களின் முறையீட்டைப் பெண்களே கேட்க, மஹல்லாவில் நம்பகமான இருவர் மூவர் நியமிக்கப்பட வேண்டும். அவர்களின் பெயர் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவளை ஏற்று ஓரிரவு தங்கவைக்கும் குடும்பங்கள் அடையாளம் காணப்பட வேண்டும். அதன் செலவுக்குப் பைத்துல்மாலில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். காயமிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே பதியப்படும் குறிப்பே பின்னாளில் சான்று. பெண்களுக்கான 181 உதவி எண்ணும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையமும் பாதுகாப்பு அலுவலரும் மகளிர் காவல் நிலையமும் ஜமாஅத்துக்கு அறிமுகமானவையாக இருக்கவேண்டும். அவள் தனியே அலையாதவாறு ஒருவர் உடன் செல்லவேண்டும். நீதிமன்றம் ஆணை பிறப்பித்தபின், அது மீறப்படுகிறதா என்று அண்டைவீட்டார் கவனிக்க வேண்டும்.

இவையெல்லாம் நடந்தேறி, அவளும் அச்சமின்றி விரும்பினால், நடுவர்கள் அமரட்டும். அப்போது ஏற்படும் இணக்கம் உண்மையான இணக்கமாக இருக்கும். குடும்பம் சிதறக் கூடாது என்ற முதியோரின் கவலைக்கும் அதுவே உரிய விடை. அச்சத்தால் ஒட்டிவைத்த குடும்பம் ஏற்கெனவே சிதறியதுதான். அதில் வளரும் பிள்ளைகள் அதனை அறிவார்கள்.

நம் ஜமாஅத் பதிவேடுகளில் இறுதியாக ஒரு சிறு மாற்றத்தை வேண்டுகிறோம். ‘சமரசம்’ என்று எழுதும் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் வரையப்படட்டும். மனுச் செய்தவள் இன்றிரவு எங்கே தங்குகிறாள் என்பதை அதில் எழுதவேண்டும். அக்கட்டம் நிரம்பாதவரை அடுத்த கட்டத்தில் எதையும் எழுதலாகாது.